கை நடுங்கினால் குழந்தைகளின் இதய அறுவை நிபுணராக முடியுமா?

மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும் நிபுணராக வேண்டும் என்று ஆசை. மொத்தம் எத்தனை வருடம் ஆகும், கையை நீட்டினால் விரல் நுனி லேசாக நடுங்குகிறதே, அது தடையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருடக் கணக்கு சுலபம், பின்னால் சொல்கிறேன். நடுக்கத்தைப் பற்றிய கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதாகப் படுகிறது. பதினைந்து வருடத்தை இதில் போட்ட பிறகு ‘உனக்கு இது வராது’ என்று தெரியவந்தால் என்ன செய்வது, அதை இப்போதே கண்டுகொள்ள வழி உண்டா? உங்களை உறுத்துவது அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கை. துளியும் ஆடாத கை யாருக்கும் கிடையாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களின் விரலும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை மெல்ல அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். மூன்றரை மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் எவருடைய ஆட்டமும் கண்ணில் படும். தூக்கமின்மை, பசி, காபி, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கிறாரே என்ற பதற்றம், எல்லாம் அதைக் கூட்டும். புதிதாகக் கற்பவர்களிடம் இவை எல்லாவற்றையும் விட அதிகமாகக் கூட்டுவது, கருவியை இறுக்கிப் பிடிப்பது. நுண்தையல் ஊசிப்பிடிப்பானைப் பேனாவைப் போல விரல் நுனிகளில் தளர்வாகப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பை நெஞ்செலும்பை விரித்து வைத்திருக்கும் ரிட்ராக்டர் மேல் ஊன்ற வேண்டும், முழங்கையை விலாவோடு சேர்த்து வைக்க வேண்டும். அப்போது தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வரும் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், மிஞ்சுவது விரல் கணுக்களின் சின்ன அசைவு மட்டும். ஊசி முனை திசுவைத் தொட்டதும் அதுவும் அடங்கிவிடும். அந்தரத்தில் நீட்டிய கையைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள், ஆனால் அந்தரத்தில் வைத்து யாரும் தைப்பதில்லை.

நோயாக வரும் நடுக்கம் வேறு. தம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தளும்புகிறது, எழுத்து கோணுகிறது, அப்பா அம்மாவில் ஒருவருக்கும் இருக்கிறது, வருடத்துக்கு வருடம் கூடுகிறது என்றால் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அளவையும் பார்த்துவிடுங்கள். நண்பர் சொன்னார் என்று புரோப்ரனலால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து அது, ஆஸ்துமா இருப்பவருக்கு ஆபத்தாகவும் முடியும். உங்கள் கையை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

இனி அந்தக் கை எந்த அளவில் வேலை செய்கிறது என்று பார்ப்போம். 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி. ஒரு சின்ன தம்ளர் அளவு. அறுவையின்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பத் தேவைப்படும் திரவமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரலாம். அதனால் இயந்திரத்தில் சேர்த்த நிமிடமே குழந்தையின் ரத்தம் பாதிக்குப் பாதி நீர்த்துப்போகும், முன்கூட்டியே ரத்தம் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும். இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி தமனியின் குறுக்களவு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். அதைத் தைக்கப் பயன்படும் 8-0 பாலிபுரொப்பிலீன் நூலின் தடிமன் சுமார் 0.04 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெல்லியது. கருவியின் பல்லால் ஒருமுறை நூலின் நடுவில் பிடித்துவிட்டால் அந்த இடத்தில் அது நைந்து, முடிச்சுப் போடும்போது அறுந்துவிடும். நூலைத் தொடாமல் ஊசியை மட்டும் தொடுவது என்ற பழக்கம் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

ஒரே ஓர் அறுவையைக் கிட்டே போய்ப் பார்த்தால் வேலையின் குணம் புரியும். இரண்டு பெருந்தமனிகளும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்குச் செய்யும் தமனி மாற்று அறுவை. பிரேசிலின் அடிப் ஜடேனே 1975-ல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தது. மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் வால்வுகளுக்கு மேலே வெட்டி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துத் தைப்பது பார்ப்பதற்குப் பெரிய வேலை. ஆனால் குழந்தை பிழைப்பதும் பிழைக்காததும் இரண்டு கரோனரிகளை இடம் மாற்றுவதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. கரோனரி கிளம்பும் வாயைச் சுற்றி மகாதமனிச் சுவரில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டத்தை வெட்டி எடுத்து, தமனியின் முதல் சில மில்லிமீட்டரைச் சுற்றுத் திசுவிலிருந்து விடுவித்து, புதிய மகாதமனியில் வெட்டிய துவாரத்தில் வைத்துத் தைக்க வேண்டும். துவாரம் ஒரு மில்லிமீட்டர் கீழே போனால் தமனி மடங்கும், மேலே போனால் இழுபடும், பொத்தான் சற்றே திரும்பியிருந்தால் முறுக்கிக்கொள்ளும். சங்கடம் என்னவென்றால், இதெல்லாம் இதயம் காலியாகச் சுருங்கிக் கிடக்கும்போது செய்கிற வேலை. ரத்தம் நிறைந்து இதயம் உப்பிய பிறகு அந்தத் தமனி எந்தக் கோணத்தில் கிடக்கும் என்பதை இப்போதே மனக்கண்ணில் பார்த்து இடத்தைக் குறிக்க வேண்டும். கணக்குத் தப்பினால், கவ்வியை எடுத்து ரத்தம் பாய்ந்ததும் இதயத் தசையின் ஒரு பகுதி மட்டும் கறுத்து மந்தமாக நிற்கும், இசிஜி கோடு மாறும், இடது மேலறை அழுத்தம் ஏறும். அப்போது ‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று நிற்காமல், தையலைப் பிரித்து மறுபடி வைக்கும் முடிவைச் சில நிமிடங்களில் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு சின்ன உதாரணம். கீழறைகளுக்கு இடையே உள்ள ஓட்டையை அடைப்பதுதான் இத்துறையில் அன்றாட வேலை. ஓட்டையின் பின்புறக் கீழ் விளிம்பை ஒட்டித்தான் இதயத்தின் மின் கடத்திக் கற்றை போகிறது, கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஊசி ஆழமாகப் போனால் மேலறையின் மின் சைகை கீழறைக்குப் போகாமல் நின்றுவிடும், இதய மின் அடைப்பு என்பது இதுதான். 7 முதல் 10 நாளுக்குள் மீளவில்லை என்றால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கரோடு இருக்க வேண்டியதுதான். பயந்து விளிம்பை விட்டு ரொம்ப விலகித் தைத்தால், அல்லது தொட்டும் தொடாமலும் மேலோட்டமாகத் தைத்தால், ஓட்டையை மூடும் ஒட்டுத்துண்டின் (பேட்ச்) ஓரத்தில் கசியும். அதனால் அந்தப் பகுதியில் மட்டும் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, தடுப்புச் சுவரின் வலது பக்கத்திலேயே, ஆழமில்லாமல் ஊசியை ஏற்றுவார்கள். கற்றையின் பாதை ஓட்டையின் வகைக்கு வகை மாறும். எந்த வகை என்பதைத் திறந்த ஒரு நிமிடத்தில் கண்டுகொள்ளத் தெரிய வேண்டும். கை நடுக்கம் இதில் ஒரு பொருட்டே இல்லை, உடற்கூறு தெரியாமைதான் ஆபத்து.

இதெல்லாம் கடிகாரத்தோடு நடக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் கொடுத்து, ரத்தம் உறையும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தில் சேர்ப்பார்கள். மகாதமனியைக் கவ்வி மூடி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கார்டியோபிளீஜியாவை உள்ளே செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள். டெல் நிடோ கரைசல் என்றால் கிலோவுக்கு 20 மில்லி, ஒரு தடவை கொடுத்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மற்ற கரைசல்கள் பலவற்றை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் தர வேண்டும். மகாதமனி வளைவைச் சரிசெய்ய உடலை 18 டிகிரி வரை குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் முறையும் உண்டு. அதில் 40 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு ஆபத்து கூடுகிறது என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் செலுத்தும் முறை நிச்சயமாக மேலானதா என்பதில் மையத்துக்கு மையம் கருத்து வேறுபடுகிறது. இங்கே வேகம் என்பது கையை வேகமாக ஆட்டுவதில்லை. ஒரு தையலைப் போட்டுவிட்டுப் பிரிக்காமல் இருப்பது, அடுத்த நூல் எது என்று செவிலியரிடம் முன்பே சொல்லிவைப்பது, தேவையில்லாத அசைவைக் குறைப்பது. நிதானமாகத் தைப்பவர்களே பல நேரங்களில் சீக்கிரம் முடிக்கிறார்கள்.

நெஞ்சை மூடியதும் வேலை முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வாழ்க்கையின் பெரும்பங்கு அதற்குப் பிறகுதான் செலவாகிறது. இயந்திரத்திலிருந்து விடுபட்டதும் உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்கிறார்கள். மிச்சம் ஓட்டையோ சுருக்கமோ இருந்தால் மறுபடி ஹெப்பாரின், மறுபடி இயந்திரம். பச்சிளங்குழந்தைக்கு இதயம் வீங்கியிருந்தால் நெஞ்செலும்பை மூடாமல் ஓர் உறையால் மறைத்து, ஓரிரு நாள் கழித்து மூடுவதும் வழக்கம். இதயத்தின் வேலைத்திறன் மிகவும் தாழ்வது அறுவை முடிந்து 6 முதல் 12 மணி நேரத்தில். பகலில் செய்த கேஸுக்கு அது நள்ளிரவில் வரும். சிறுநீர் குறைவது, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று காட்டும் ரத்த அளவு) ஏறுவது, கால் சில்லிடுவது, நெஞ்சுக் குழாயில் சற்றுமுன்வரை வந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றுபோவது (வடிந்து முடிந்திருக்கலாம், குழாய் அடைத்து இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டிருக்கவும் கூடும்), இவற்றைப் படித்து, அவசியம் என்றால் படுக்கையிலேயே நெஞ்சைத் திறக்க வேண்டும். தீவிர சிகிச்சை மருத்துவர், மயக்க மருத்துவர், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், குழந்தை இதய நோய் மருத்துவர், செவிலியர், இத்தனை பேரும் சேர்ந்துதான் ஒரு குழந்தையைக் கரையேற்றுகிறார்கள். இவர்களில் யாரேனும் ‘ஏதோ சரியில்லை’ என்று தயங்காமல் சொல்ல இடம் தராத அறுவை நிபுணர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும் ஆபத்தானவர் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஆதாரமும் உண்டு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவால், தான் செய்த 104 தமனி மாற்று அறுவைகளின் முடிவுகளை 1994-ல் ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வரிசையின் நடுவே 16 குழந்தைகளில் 7 பேர் இறந்திருந்தார்கள். அவர் அதைக் கெட்ட நேரம் என்று ஒதுக்கவில்லை. முடிவுகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தார், மறுபயிற்சி எடுத்தார், அதற்குப் பின் முடிவுகள் மறுபடி சீரடைந்தன. பிறகு பிரிட்டனின் 16 மையங்களில் நடந்த தமனி மாற்று அறுவைகளை அவர் குழு நேரில் உட்கார்ந்து கவனித்தது. பெரிய பிசகு நேர்ந்தால் பல நேரங்களில் குழு கண்டு ஈடுகட்டிவிடுகிறது, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன இடறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போதும் குழந்தைக்குக் கேடு வருகிறது என்று அதில் தெரிந்தது. நீங்கள் தேடும் ‘லாயக்கு’ என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. தன் கணக்கைத் தானே எழுதிவைத்துப் பார்க்கத் துணிவு வேண்டும்.

இப்போது வருடக் கணக்கு. மருத்துவப் படிப்பு 5, 6 வருடம். பொது அறுவைப் பயிற்சி 3 முதல் 5. இதய நெஞ்சறை அறுவையில் 2, 3. அதன்பின் பிறவி இதயக் கோளாறுகளுக்கென்றே ஃபெலோஷிப் எனும் சிறப்புப் பயிற்சி 1 அல்லது 2 வருடம். சில நாடுகளில் பொது அறுவையைச் சுருக்கி நேராக இதய அறுவைக்குள் எடுக்கும் ஆறு வருடப் பாதை உண்டு. எந்தப் பாதை நல்ல நிபுணரை உருவாக்குகிறது என்பது இன்னும் தீராத விவாதம். சான்றிதழ் கையில் வந்த பிறகும் பல வருடம் மூத்தவரின் எதிர்ப்பக்கத்தில் நின்றுதான் வேலை. பிறந்த வாரத்துக் குழந்தைக்குத் தன் பொறுப்பில் தமனி மாற்றுச் செய்யும்போது பெரும்பாலோருக்கு நாற்பது வயதை ஒட்டிவிடும்.

முன்பெல்லாம் ஏணி தெளிவாக இருந்தது. பிறந்த பிறகும் மூடாமல் நிற்கும் நாளத்தைக் (டக்டஸ்) கட்டுவது, மேலறை ஓட்டை, கீழறை ஓட்டை, டெட்ராலஜி (நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவிக் கோளாறு), கடைசியில் பச்சிளங்குழந்தைகள். இன்று அந்த நாளத்தையும் மேலறை ஓட்டைகளில் பெரும்பகுதியையும் தொடை ரத்தநாளம் வழியாகச் சாதனம் செலுத்தியே மூடிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு நல்லது, கற்பவருக்கு ஏணியின் கீழ்ப்படிகள் கழன்றுவிட்டன. முப்பரிமாணத்தில் அச்சிட்ட இதய மாதிரிகளிலும் பன்றி இதயங்களிலும் பயிற்சி கொடுப்பது அந்த இடைவெளியை நிரப்பத்தான். மாதிரியில் ரத்தம் வராது, திசு கிழியாது என்ற குறை உண்டு, இருந்தாலும் தையலின் வரிசை மனதில் ஏறிவிடுகிறது. ஃபெலோஷிப் தேடும்போது மையத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். போன வருடத்து ஃபெலோ எத்தனை கேஸில் முதன்மையாக நின்று செய்தார், எத்தனையில் வெறுமனே உறிஞ்சு குழாய் பிடித்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

வேலை வாய்ப்பிலும் இந்த எண்ணிக்கைதான் ஆட்சி செய்கிறது. ஆயிரம் குழந்தைக்கு 8 பேர் அளவில் பிறவிக் கோளாறோடு பிறந்தாலும் எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. கேஸ்கள் சில பெரிய மையங்களில் குவிந்தால்தான் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்தில் இதய அறுவை செய்துகொண்ட குழந்தைகளின் இறப்பு கூடியிருந்ததை விசாரித்து 2001-ல் வந்த அறிக்கைக்குப் பின் பிரிட்டன் மெல்ல மெல்ல வகுத்த விதிகளின்படி, ஒரு நிபுணர் வருடத்துக்குக் குறைந்தது 125 அறுவை செய்ய வேண்டும், ஒரு மையத்தில் குறைந்தது நான்கு நிபுணர் இருக்க வேண்டும். மையங்கள் குறைவு என்றால் நாற்காலிகளும் குறைவு. ஊர் மாற, சில நேரம் நாடு மாறத் தயாராக இருக்க வேண்டும். அதே சமயம் முன்பு பிழைத்த குழந்தைகள் இன்று பெரியவர்களாகித் திரும்பி வருகிறார்கள். டெட்ராலஜி சரிசெய்தவர்களில் பலருக்கு நுரையீரல் வால்வு பின்னாளில் மாற்ற வேண்டியிருக்கிறது. மறுபடி நெஞ்செலும்பை அறுக்கும்போது வலது கீழறை அதன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிடி ஸ்கேனில் இடைவெளியைப் பார்த்து, தேவைப்பட்டால் உடனே இயந்திரத்தில் சேர்க்கத் தொடை நாளங்களை முன்பே தயாராக வைத்துக்கொண்டுதான் ரம்பத்தைக் கையில் எடுப்பார்கள். இந்தப் பணி குறையப்போவதில்லை.

பெற்றோரிடம் பேசுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் இந்த வேலைதான். அனுபவமுள்ள மையங்களில் சாதாரணக் கீழறை ஓட்டையில் இறப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு. ஒற்றைக் கீழறையோடு பிறந்த குழந்தைக்குச் செய்யும் நார்வுட் அறுவையில் நூறில் பத்துக்கு மேல். அதைத் தாண்டினாலும் 4 முதல் 6 மாதத்தில் ஒன்று, 2 முதல் 4 வயதில் ஒன்று என இன்னும் இரண்டு அறுவை காத்திருக்கும். இதை மறைக்காமலும், பெற்றோரை நொறுக்காமலும் சொல்லத் தெரிய வேண்டும். சொன்ன பிறகு அவர்கள் கேள்வி கேட்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

யார் நல்ல அறுவை நிபுணராவார் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடும் சோதனை எதுவும் கிடையாது. ஆனால் உங்களுக்கு நீங்களே வைத்துப் பார்க்கக்கூடியவை சில உண்டு. எக்கோ படங்களைப் பார்த்து இதயத்தை மூன்று கோணங்களில் தாளில் வரையுங்கள், பிறகு அறுவைக் குறிப்போடு ஒப்பிடுங்கள். இடமும் வலமும் மனதில் திரும்பத் திரும்பக் குழம்பினால் பயிற்சி வேண்டும், நாலைந்து மாதத்தில் தெளிந்துவிட்டால் நல்ல அடையாளம். வீட்டில் ஒரு பெட்டிக்குள், விளிம்பில் கையை ஊன்றி, 6-0 நூலால் மெல்லிய கையுறைத் துண்டுகளைத் தினமும் இருபது நிமிடம் தையுங்கள், இடது கையாலும் தையுங்கள், கைபேசியில் படம் பிடித்து ஊசி ஒரே தடவையில் நுழைகிறதா என்று எண்ணுங்கள். அப்புறம் ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டு முழுவதுமாகக் கூட இருங்கள். முந்தின நாள் கேஸ் விவாதம், மயக்கம் கொடுப்பது, ஆறேழு மணி நேரம் தியேட்டரின் மூலையில் நிற்பது, ராத்திரி ஐசியூவில் படுக்கைப் பக்கத்து நாற்காலி. நடுச்சாமத்தில் லாக்டேட் ஏறும்போது யார் யாரை எழுப்புகிறார்கள், வந்தவர் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்கத் தோன்றுகிறதா, அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.